படம் பேசும்போது வாயை மூடுவது எப்படி: அட்டன்பரோவிடம் நான் கற்ற பின்னணிக் குரல்

பின்னணிக் குரல் கொடுப்பது என் பிழைப்பு. சிமென்ட், சிட்பண்டு, நகைக்கடை ஆடித் தள்ளுபடி என்று எல்லாவற்றுக்கும் பேசியிருக்கிறேன். 19 வருடத்துக்கு முன்னால் ஒரு காட்டுயிர்ப் படத்துக்கு முதன்முதலாகப் பேசப் போனேன். ஆற்றைக் கடக்கிற மான் கூட்டம். கையில் இருந்த ஸ்கிரிப்டில் ஒரு வரி விடாமல், நகைக்கடைக்குப் பேசுகிற அதே வேகத்தில், மூச்சு வாங்க வாங்கப் பேசி முடித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர், தலை நரைத்த மனிதர், பொத்தானை அழுத்தி என் ஹெட்போனுக்குள் சொன்னார்: "தம்பி, தண்ணிச் சத்தமும் கொஞ்சம் கேக்கட்டுமேப்பா."

அவமானமாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்து, காட்டுயிர்ப் படங்களுக்குப் பேர்போன டேவிட் அட்டன்பரோ பேசிய படம் ஒன்றைப் போட்டு, கையில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் பேசாமல் இருக்கிற நேரத்தை மட்டும் அளந்தேன். சில இடங்களில் டிவி கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்கிற அளவுக்கு மனிதர் சும்மா இருந்தார்.

அப்புறம் அவருடைய வாழ்க்கையையே கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிப் படித்தேன். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் 70 வருடத்துக்கு மேல் நின்றவர். கறுப்பு வெள்ளை, வண்ணம், எச்.டி., முப்பரிமாணம் என்று ஒவ்வொரு காலத்துப் படத்துக்கும் பாஃப்டா என்கிற பிரிட்டிஷ் திரைப்பட, தொலைக்காட்சி விருது வாங்கிய ஒரே ஆள். இப்போது செல்போனில் பறவையையும் பாம்பையும் படமெடுத்துவிட்டு, அதற்கு மேல் எப்படிப் பேசுவது என்று கேட்டு என்னிடம் சிலர் வருகிறார்கள். பாடம் நடத்த எனக்குத் தெரியாது. அவர் கதையைச் சொல்லி, நடுநடுவே செய்ய வேண்டியதைச் சொல்வேன். அதையே இங்கேயும் செய்கிறேன்.

பேசுவதற்கு முன்னால் வெட்டுங்கள்

1926 மே 8-ல் லண்டனின் மேற்குப் பக்கம் ஐல்வொர்த்தில் பிறந்தார். வளர்ந்தது லெஸ்டர் நகரத்தில். அப்பா அங்கே பல்கலைக்கழகக் கல்லூரியின் முதல்வர். குடியிருந்த வீடும் கல்லூரி வளாகத்துக்குள்ளேயே. அண்ணன் ரிச்சர்டை நமக்குத் தெரியும், 'காந்தி' படத்தை எடுத்தவர். தம்பி டேவிட்டுக்குச் சின்ன வயதில் பாறைக்குள் இருக்கிற தொல்லுயிர் எச்சங்களைத் தட்டி எடுத்துச் சேர்ப்பதுதான் வேலை. 11 வயது வாக்கில், கல்லூரியின் விலங்கியல் துறைக்கு நியூட் நிறைய வேண்டியிருக்கிறது என்று அவர் காதில் விழுந்தது. நியூட் என்பது தவளைக்குச் சொந்தம், பார்வைக்குப் பல்லி. ஒன்றுக்கு 3 பென்ஸ் என்று விலை பேசிப் பிடித்துக் கொடுத்தார். எங்கே பிடித்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்தத் துறைக் கட்டடத்தை ஒட்டி, 5 மீட்டர்கூடத் தள்ளியில்லாத குட்டையில்தான்!

"முதுமலை போனாத்தான் சார் ஏதாவது எடுக்க முடியும்" என்று யாராவது சொன்னால் இந்தக் குட்டைக் கதையை எடுத்துவிடுவேன். முதல் படத்துக்கு உங்கள் தெருவைத் தாண்டாதீர்கள்.

கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல், இரண்டு வருடம் கடற்படை, பிறகு ஒரு பதிப்பகத்தில் பிள்ளைகளுக்கான அறிவியல் புத்தகங்களைத் திருத்துகிற வேலை. அது அலுத்துப்போய் 1950-ல் பிபிசி வானொலிக்கு விண்ணப்பம் போட்டார். வேண்டாம் என்றுவிட்டார்கள். ஆனால் அந்த விண்ணப்பம் மேரி ஆடம்ஸ் கண்ணில் பட்டது. அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த தொலைக்காட்சிப் பிரிவில் உரை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். மூன்று மாதப் பயிற்சிக்கு வரச்சொன்னார். அட்டன்பரோ வீட்டில் டிவியே கிடையாது. வாழ்நாளில் அதுவரை பார்த்தது ஒரே ஒரு நிகழ்ச்சி. 1952-ல் முழுநேர வேலை கிடைத்தது. திரையில் முகம் காட்ட மட்டும் வாய்ப்பு வரவில்லை. பல் ரொம்பப் பெரிதாக இருக்கிறது என்று மேரி ஆடம்ஸ் நினைத்தார்.

இந்தப் பல் சமாச்சாரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் அவர் தயாரிப்பாளராகவே உட்கார்ந்திருந்தார். அருங்காட்சியகப் பொருளை அறிஞர்கள் கையில் கொடுத்து இது என்ன என்று கேட்கிற போட்டி, பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் நாட்டுப்பாடல்களை அறிமுகம் செய்த தொடர் என்று பலவற்றையும் பார்த்துக்கொண்டார். அடுத்தவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு, எங்கே இழுக்கிறது, எங்கே வெட்டலாம் என்று முடிவு செய்கிற நாற்காலி அது. அந்த நாற்காலியில் உட்காராமல் நேராக மைக்குக்கு வந்தவர்கள்தான் என்னை மாதிரி மானுக்கு மேல் கொட்டித் தீர்ப்பவர்கள்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது இது. ஒரு வரிகூட எழுதாமல் படத்தை முழுசாக வெட்டி முடியுங்கள். பிறகு சத்தத்தை அணைத்துவிட்டு, பறவை பாம்பு பற்றி அக்கறையே இல்லாத ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். எங்கள் வீட்டில் என் மாமியார். என்ன நடந்தது என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்கிறதில் எதையும் நீங்கள் எழுத வேண்டியதில்லை, படமே சொல்லிவிட்டது. "இது ஏன் அங்கே போகுது?", "அது ஆணா பொண்ணா?" என்று திருப்பிக் கேட்பார் பாருங்கள், அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்ட் அந்தக் குறிப்புக்குள்தான் இருக்கிறது.

ஒரு கேள்வி வேண்டும்

1954-ல் லண்டன் விலங்குக்காட்சிசாலையின் ஊர்வன பிரிவைப் பார்த்துக்கொண்ட ஜாக் லெஸ்டரோடு சேர்ந்து சியரா லியோனுக்குப் போனார். விலங்குகளைப் பிடித்துக் கொண்டுவருவது லெஸ்டரின் வேலை, அதைப் படமாக்குவது அட்டன்பரோவின் வேலை. கேமரா சார்லஸ் லாகஸ். பிபிசியின் படப்பிரிவு அப்போது 35 மில்லிமீட்டர் ஃபிலிமைத்தான் மதித்தது. 16 மில்லிமீட்டர் என்பது அமெச்சூர்கள் சமாச்சாரம். அட்டன்பரோ பிடிவாதமாக 16-ஐ எடுத்துக்கொண்டு போனார். வண்ண ஃபிலிம் போட்டால் கறுப்பு வெள்ளையில் காட்டும்போதும் படம் தெளிவாக இருக்கும் என்பதால் வெளிச்சம் உள்ள இடங்களில் வண்ணத்திலேயே எடுத்தார்கள். பார்த்தவர்கள் கறுப்பு வெள்ளையில் பார்த்தார்கள். 60 வருடத்துக்குப் பிறகு, 2016-ல்தான் அது வண்ணத்திலேயே ஒளிபரப்பானது.

'ஜூ குவெஸ்ட்' என்ற அந்தத் தொடரை லெஸ்டர்தான் ஸ்டூடியோவிலிருந்து வழங்க வேண்டும் என்பது ஏற்பாடு. முதல் பகுதி முடிந்ததும் அவர் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். நேரடி ஒளிபரப்பு, அடுத்த வாரம் யாராவது நின்றாக வேண்டும். பல் பெரிய ஆள் நின்றார்.

நம் கவனத்துக்கு உரியது அந்தத் தொடரை இழுத்துக் கட்டிவைத்த கயிறு. அவர்கள் தேடிப்போனது பிக்கதார்ட்டீஸ் ஜிம்னோசெஃபாலஸ் என்கிற மொட்டைத் தலைப் பறவையை. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு யாரை டிவி முன்னால் உட்காரவைக்க முடியும்? ஆனால் வாராவாரம் வேறு வேறு விலங்கைக் காட்டிக்கொண்டே, அந்தப் பறவை கிடைத்ததா இல்லையா என்பதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார்கள். ஒருநாள் லண்டன் தெருவில் பஸ் டிரைவர் ஒருவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, அந்த வாயில் நுழையாத பெயரை நடுவில் ஒரு வசவையும் செருகிச் சொல்லி, அதைப் பிடிக்கப்போகிறாயா இல்லையா என்று கேட்டாராம். அட்டன்பரோவே சொல்லிச் சிரிக்கிற கதை இது. தொடர் பிடித்துவிட்டது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்ததாம்.

உங்கள் படம் இரண்டு நிமிடம்தான் ஓடும் என்றாலும் முதல் 15 நொடிக்குள் ஒரு கேள்வியைப் போட்டுவிடுங்கள். "இது எங்கள் மாடியில் வந்த புறா" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்துபோயிற்று. "மூன்று நாளாக இந்தப் புறா ஒரே குச்சியைக் கொண்டுவந்து கொண்டுவந்து கீழே போடுகிறது" என்றால் நான் பார்ப்பேன். கேள்விக்குறியோடு கேட்க வேண்டும் என்பதில்லை. "நண்பர்களே, இது எதற்காக என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்பவர்களை என் மைக் பக்கமே விடுவதில்லை.

சொல்லால் முடியாததைச் சொல்லாதீர்கள்

1965-லிருந்து 1973 வரை அவர் பெரும்பாலும் மேசை வேலை பார்த்தார். முதலில் பிபிசியின் இரண்டாவது அலைவரிசையான பிபிசி 2-இன் தலைவர், 1969-லிருந்து இரண்டு அலைவரிசைகளுக்கும் நிகழ்ச்சி இயக்குநர். அவ்வப்போது படமெடுக்கப் போவேன் என்று சேரும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவாங்கியிருந்தார், கெட்டிக்காரர். 1967 ஜூலையில் ஐரோப்பாவின் முதல் முறையான வண்ணத் தொலைக்காட்சிச் சேவை அவர் பொறுப்பில்தான் விம்பிள்டன் டென்னிஸோடு தொடங்கியது.

வண்ணம் வந்த பிறகு எதைக் காட்டுவது? அவர் கொண்டுவந்தவற்றில் ஒன்று ஸ்னூக்கர், மேசை மேல் பல நிறப் பந்துகளைக் கோலால் தட்டிக் குழியில் தள்ளுகிற விளையாட்டு. கறுப்பு வெள்ளையில் அந்த விளையாட்டுக்கு அர்த்தமே இல்லை, எந்தப் பந்து எது என்று தெரியாது. இன்னொன்று மேற்கத்தியக் கலை வரலாற்றை 13 பகுதிகளில் கென்னத் கிளார்க் சொன்ன தொடர்.

ஸ்னூக்கரை நான் இப்படி எடுத்துக்கொண்டேன்: உங்கள் படத்தில் கண்ணால் பார்த்தால் மட்டுமே கிடைக்கிற விஷயம் எது என்று தேடுங்கள். மீன்கொத்தியின் முதுகு நீலம் என்று வையுங்கள். அந்த இடத்தில் நீலம் என்ற சொல்லே வரக்கூடாது. 'அழகிய', 'அற்புதமான', 'கண்கொள்ளாக் காட்சி' மூன்றையும் எழுதிய தாளிலேயே அடித்துவிடுங்கள். அழகா இல்லையா என்பதைப் பார்க்கிறவர் தீர்மானிக்கட்டும், அவருக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.

1972 வாக்கில் பிபிசியின் தலைமை இயக்குநர் பதவிக்கே இவர் பெயர் அடிபட்டது. அண்ணனுக்கு போன் போட்டு, அந்த வேலையில் துளிகூட ஆசையில்லை என்று சொன்னாராம். மறு வருடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

தயார் செய்யுங்கள், பிறகு கைவிடுங்கள்

எழுந்தவர் செய்த பெரிய காரியம் 1979-ல் வந்த 'லைஃப் ஆன் எர்த்'. 13 பகுதிகள், மூன்று வருட உழைப்பு. வாய்க்குள் குஞ்சுகளை வளர்க்கிற ஒரு சின்னத் தவளை அவற்றை வெளியே துப்புகிற கணத்துக்காக ஒரு கேமராக்காரர் நூற்றுக்கணக்கான மணி நேரம் காத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தொடரில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ருவாண்டாவின் மலைக் கொரில்லாக்கள். 1978 ஜனவரி, டயான் ஃபாசி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த இடம். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக மடங்குவதால் பிடிமானம் வருவதைப் பற்றிப் பேசுவது திட்டம். கொரில்லாக்கள் இலை பறித்துத் தின்னும் இடத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் என்றால் கை நீட்டும் தூரம். கட்டைவிரல் மறந்துபோயிற்று. ஒரு கொரில்லாவோடு கண்ணோடு கண் பார்க்கும்போது கிடைக்கிற பரஸ்பரப் புரிதல் தனக்குத் தெரிந்த வேறெந்த விலங்கோடும் கிடைத்ததில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எழுதிவைத்த வரி இல்லை அது. குட்டிகள் அவர் மேல் ஏறிப் படுத்து, ஷூவைக் கழற்றப் பார்த்தன. அவர் ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டு கிடந்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், கட்டைவிரல் உரைக்காக ஃபிலிமைச் சேமிக்க வேண்டுமே என்று இயக்குநர் அந்த விளையாட்டைக் கொஞ்சமாகத்தான் எடுக்கவிட்டார்.

கட்டைவிரல் உரை தயாராக இல்லாமல் அங்கே போயிருந்தால் இந்த வரியும் வந்திருக்காது என்பது என் கட்சி. விஷயம் முழுக்கக் கைக்குள் இருக்கிறவனால்தான் அதைக் கீழே போட முடியும். ஆகவே படமெடுக்கப் போகுமுன் அந்த உயிரியைப் பற்றி ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். தாளை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உங்களிடம் இருப்பது ஃபிலிம் இல்லை, மெமரி கார்டு, ஆகவே பதிவை மட்டும் நிறுத்தாதீர்கள்.

அவருடைய ரகசியப் பேச்சை மட்டும் காப்பியடிக்க வேண்டாம். கொரில்லா பக்கத்தில் இருந்ததால் குரலைத் தாழ்த்தினார். நீங்கள் பேசுவது உங்கள் படுக்கையறை பீரோவுக்குப் பக்கத்தில். சாதாரணக் குரல் போதும். பீரோவைத் திறந்து, தொங்குகிற துணிகளைப் பார்த்துப் பேசினால் எதிரொலி குறையும், அது போதும்.

தமிழில் வினை கடைசியில் வரும்

இனி சொல்லப்போவது எனக்குப் பல வருடம் எடுத்த பாடம்.

2016-ல் வந்த 'பிளானட் எர்த் 2'-ல் ஒரு துரத்தல் இருக்கிறது. கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் ஃபெர்னாண்டினா தீவு. கடல் இகுவானா என்கிற பெரிய பல்லியின் குஞ்சுகள் மணலுக்குள்ளிருந்து வெளியே வந்து பாறைக்கு ஓட வேண்டும், ரேசர் பாம்புகள் காத்திருக்கின்றன. அட்டன்பரோவுக்கு அப்போது 90 வயது. அங்கே போகவில்லை, குரல் மட்டும். இப்படிப்பட்ட தொடர்களுக்குத் தயாரிப்பாளர்கள் எழுதித் தருகிற உரையைத் தன் வாய்க்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்வது அவர் வழக்கம்.

அந்தக் காட்சியில் அவர் தருகிற முக்கியமான தகவல் ஒன்றுதான்: பாம்புக்குப் பார்வை மட்டு, ஆனால் அசைவு தெரிந்துவிடும். ஆகவே குஞ்சு அசையாமல் இருந்தால் தப்பலாம். இதைப் பாம்பு நெருங்கி வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு பாம்பு குஞ்சை உரசிக்கொண்டு போகிறது, குஞ்சு சிலையாக நிற்கிறது, நாமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பிறகு துரத்தல் முழுக்க இசையும் உடல்கள் உராயும் சத்தமும்தான். விளக்கம் நிகழ்வுக்கு முன்னால் வந்துவிட்டது, நிகழ்வு நடக்கும்போது வாய் சும்மா இருக்கிறது.

இதை நான் முதலில் தமிழில் செய்துபார்த்தபோது இப்படி எழுதினேன்: "இதுவரை கடலையே பார்த்திராத, இப்போதுதான் மணலுக்குள்ளிருந்து வெளியே வந்த குட்டி இகுவானாவைப் பாறை இடுக்கில் ஒளிந்திருந்த பாம்பு துரத்துகிறது." இலக்கணம் சரி. வாசித்தால் ஆறேழு நொடி. 'துரத்துகிறது' என்று நான் சொல்வதற்குள் இகுவானா பாறை மேல் ஏறி உட்கார்ந்து, எனக்காகக் காத்திருந்தது.

நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். அடைமொழியெல்லாம் பெயருக்கு முன்னால் வரிசைகட்டி நிற்கும். இங்கிலீஷில் பெயரை முதலில் சொல்லிவிட்டு மற்றதைப் பின்னால் தொங்கவிடலாம். அதைத் தமிழாக்கினால் பெயர் வாக்கியத்தின் வால் பக்கம் போய்விடும், பார்க்கிறவர் எந்த உயிரைப் பற்றிப் பேச்சு என்று தெரியாமல் முழிப்பார். ஆகவே உடைத்துவிடுங்கள். "இகுவானாக் குஞ்சு. இப்போதுதான் மணலுக்குள்ளிருந்து வந்தது. கடலை இன்னும் பார்த்ததில்லை." அவ்வளவுதான். பாம்பு வந்தால் வரட்டும், பாம்பு என்று நாம் சொல்லத் தேவையில்லை.

தமிழுக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. "அங்கே காத்திருப்பது" என்று தொடங்கி அரை நொடி நிறுத்தலாம். அந்த அரை நொடியில் படம் வெட்டிப் பாம்புக்குப் போகட்டும். பெயரைச் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். இது இங்கிலீஷ்காரருக்கு இவ்வளவு சுலபமாக வராது.

கணக்கு வேண்டும் என்பவர்களுக்கு: நிதானமாகப் பேசினால் 10 நொடிக்கு 12 தமிழ்ச் சொல் என்பது என் அளவு. சொல்லைவிட எழுத்தை எண்ணுவது இன்னும் நல்லது. 'பார்த்துக்கொண்டிருந்தபோதிலும்' என்பது ஒரே சொல்தான், அதுவே ஒன்றரை நொடியை விழுங்கிவிடும். 40 நொடிப் படம் என்றால் 20 நொடிக்கு மேல் எழுதாதீர்கள்.

அதுவா, அவனா

இங்கிலீஷில் அட்டன்பரோ பறவையைச் சர்வசாதாரணமாக அவன், அவள் என்பார். தமிழில் அஃறிணை 'அது'. முழுக்க 'அது' என்றால் ஆண் எது பெண் எது என்று குழம்பும். முழுக்க 'அவன்' என்றால் கார்ட்டூன் மாதிரி ஆகிவிடும். உவப்பினால் திணை மாறுவதை நம் இலக்கணமே வழுவமைதி என்று ஏற்றுக்கொண்டிருக்கிறது, ஆகவே பயப்பட வேண்டாம். நான் செய்வது: பால் முக்கியமான காட்சியில் மட்டும் அவன், அவள். சாப்பாடு, ஓட்டம், தூக்கம் எல்லாம் அது. 'அவர்' வேண்டவே வேண்டாம்; யானைக்கு மட்டும் சில சமயம் கை தானாக 'அவர்' என்று எழுதும், அதையும் அடித்துவிடுவேன்.

முகம் காட்ட வேண்டி வந்தால்

பழைய தொடர்களைப் பாருங்கள், பெரும்பாலும் அதே வெளிர் நீலச் சட்டை, அதே காக்கி நிறப் பேன்ட். ஒரு வாக்கியத்தை ஒரு கண்டத்தில் தொடங்கி இன்னொரு கண்டத்தில் முடிப்பார்; நடுவில் பல மாதம் போயிருக்கும். சட்டை மாறினால் பார்க்கிறவர் கண் சட்டைக்குப் போய்விடும். நீங்களும் ஒரே மாதிரி இரண்டு சட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கோடு போட்டதோ எழுத்து போட்டதோ வேண்டாம்.

கையை என்ன செய்வது என்பது எல்லோருக்கும் வருகிற சங்கடம். 2005-ல் வந்த பூச்சிகள் தொடரில், மண்ணுக்குள் 17 வருடம் இருந்துவிட்டு வெளியே வருகிற அமெரிக்கச் சில்வண்டைக் காட்டுவார். ஆண் பாடினால் பெண் வண்டு சிறகைத் தட்டிப் பதில் சொல்லும். அவர் அதே தாளத்தில் விரலைச் சொடுக்குவார், ஆண் வண்டு அவரை நோக்கி நடந்து வரும். விளக்கம் தனியாக எதற்கு? அதற்கு முன்பு 1998-ல் வந்த பறவைகள் தொடரில் ஸ்காட்லாந்தின் பெரிய காட்டுக்கோழி ஒன்று அவரை விரட்டி, கீழே விழவைத்துவிட்டது. அதையும் வெட்டாமல் வைத்தார்கள். செய்து காட்ட ஏதாவது இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள், யாரும் கேட்கமாட்டார்கள்.

சத்தமும் பொய்யும்

தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் எடுக்கும் படத்தில் விலங்கின் காலடிச் சத்தம் கிடைக்காது. பிறகு ஸ்டூடியோவில் செய்து சேர்ப்பார்கள். பனியில் கரடி நடக்கிற சத்தத்துக்குக் கஸ்டர்ட் பவுடரைத் துணியில் கட்டி நசுக்குவது உண்டு. எனக்கு இதில் ஆட்சேபம் இல்லை. எங்கள் வீட்டுத் துடைப்பக்குச்சி எத்தனையோ கூடுகளுக்குச் சத்தம் கொடுத்திருக்கிறது.

ஆனால் 2011 டிசம்பரில் வேறு மாதிரி சர்ச்சை வந்தது. 'ஃப்ரோஸன் பிளானட்' தொடரில் பனிக்குகைக்குள் பிறந்த பனிக்கரடிக் குட்டிகள், நெதர்லாந்தில் ஒரு விலங்குக்காட்சிசாலையில் எடுக்கப்பட்டவை. காட்டில் தாய்க்கரடியின் குகைக்குள் கேமராவை வைத்தால் குட்டிகளுக்கே ஆபத்து, ஆகவே காரணம் நியாயமானது. தொடரின் இணையப் பக்கத்தில் அதைச் சொல்லியும் இருந்தார்கள். படத்தில் சொல்லவில்லை. காட்சியின் நடுவில் இது விலங்குக்காட்சிசாலை என்று சொன்னால் மொத்தமும் கலைந்துவிடும் என்று அட்டன்பரோ வாதாடினார். அவரை நான் குரு ஸ்தானத்தில் வைத்திருக்கிறேன், ஆனாலும் இதில் பாதிதான் ஒத்துப்போகிறேன். நடுவில் வேண்டாம், கடைசியில் ஒரு வரி போட்டிருக்கலாம். நீங்கள் கூண்டில் இருந்ததை எடுத்திருந்தால் 'இங்கே', 'இந்தக் காட்டில்' என்ற சொற்களைத் தொடாதீர்கள், முடிவில் எழுத்தில் போட்டுவிடுங்கள்.

ஒரு 40 நொடி

போன வருடம் ஒரு பையன் கிணற்றுமேட்டுப் பனைமரத்தில் தூக்கணாங்குருவி கூடு பின்னுவதை எடுத்துக்கொண்டு வந்தான். அவன் எழுதியிருந்த முதல் வரி: "இதோ பாருங்கள் நண்பர்களே, அழகிய தூக்கணாங்குருவி ஒன்று மிக நேர்த்தியாகத் தன் கூட்டைப் பின்னிக்கொண்டிருக்கிறது." பின்னுவது தெரிகிறது, நேர்த்தியும் தெரிகிறது. பெயர் மட்டும் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

சத்தம் இல்லாமல் என் மாமியாருக்குக் காட்டினோம். "பாதியில ஏன் நிறுத்திட்டு உக்காந்திருக்கு?" என்றார். அதுதான் கேள்வி. ஆண் குருவி பாதிக் கூடு கட்டிவிட்டுப் பெண் வந்து பார்ப்பதற்காகக் காத்திருக்கும். அவளுக்குப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும். பையனுக்கு இது தெரியும், எழுதத்தான் தோன்றவில்லை.

திருத்தி எழுதியது இது. முதல் 6 நொடி வெறும் கீச்சொலி. அப்புறம்: "தூக்கணாங்குருவி. பாதிக் கூடு முடிந்தது." நாலு நொடி இடைவெளி. "இதற்கு மேல் இவன் கட்டமாட்டான். அவள் வந்து பார்க்க வேண்டும்." பெண் குருவி வருகிறது, உள்ளே தலையை விடுகிறது, வெளியே எடுக்கிறது, மறுபடி விடுகிறது. அந்த 8 நொடிக்கு ஒரு சொல்லும் இல்லை. அவள் பறந்து போகிறாள். ஆண் குருவி ஒரு நாரைக் கொண்டுவருகிறது. "பிடித்திருக்கிறது."

பையன் அதை வீட்டில் போட்டுக் காட்டியிருக்கிறான். நடுவில் சவுண்டு போயிடுச்சாடா என்று அவன் அம்மா கேட்டாராம். 8 நொடியை 6 ஆக்கினோம்.